ஓடிக்கொண்டிருக்கும் பைக் திடீரென்று அணைந்தால் எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: பைக் அரை மணி, முக்கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் போகிற வேகத்திலேயே எஞ்சின் அணைந்துவிடுகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் நிற்பதே இல்லை. அடுத்து எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். இப்படி வந்து வந்து போகிற கோளாறு, வண்டி நின்றுகிடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்தான் பிடிபடும். மறுபடி கிளம்பிய பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே போய் நிற்பது நல்ல வண்டி. நல்ல வண்டியில் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார்? தன் அனுபவத்தில் அடிக்கடி போகிற பாகத்தை மாற்றிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆக, சோதனையை ரோட்டோரத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே, நீங்கள்தான் செய்தாக வேண்டும். பிளக் ஸ்பேனர், நல்லது என்று தெரிந்த ஒரு பழைய பிளக், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு சின்ன பாட்டில், முடிந்தால் மலிவான ஒரு மல்டிமீட்டர். இவ்வளவு போதும்.

முதலில் உயிர். எஞ்சின் அணைந்த நொடியில் கிளட்சைப் பிடித்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் பின்சக்கரம் செத்த எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடும், வண்டி சட்டென்று வேகம் குறையும், பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும், அதற்கு எஞ்சின் தேவையில்லை. மொத்த கரண்டும் போயிருந்தால் ஏ.பி.எஸ். மட்டும் வேலை செய்யாது, இண்டிகேட்டரும் எரியாது. அதனால் மெதுவாகப் பிரேக் பிடித்து, கையைக் காட்டி ஓரம் கட்டுங்கள்.

நின்றதும் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு: சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்வது. கை தானாகவே அங்கே போகும். போக விடாதீர்கள். முதலில் மீட்டரைப் பாருங்கள். விளக்குகள் எரிகின்றனவா? ஹாரன் அடிக்கிறதா, அதுவும் வழக்கமான சத்தத்தில் அடிக்கிறதா? இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும். சாவியைத் திருப்பும்போது லூஸான காண்டாக்ட் ஒன்று தற்செயலாக ஒட்டிக்கொண்டால், தடயம் அழிந்துபோகும்.

மீட்டர், ஹாரன் எல்லாமே செத்துக் கிடந்தால் பெட்ரோலையும் பிளக்கையும் மறந்துவிடுங்கள். பேட்டரியிலிருந்து சாவி வரைக்கும் வருகிற பாதையில் எங்கோ கரண்ட் அறுபடுகிறது. பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள், விரலால் ஆட்டினாலே அசைந்தால் கோளாறு அதுதான். அப்புறம் மெயின் ஃபியூஸ். ஃபியூஸ் நன்றாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கவ்வி அகன்றுபோயிருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் விட்டுவிடும். ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகவோ உருகியோ இருந்தால் அங்கே வெகுநாளாகச் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் போகும் எர்த் வயரின் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இதிலெல்லாம் ஒன்றுமில்லை என்றால் ஹாண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் வளைந்து போகும் வயர்க் கட்டுதான் நான் அடுத்து பார்க்கும் இடம். என் பழைய வண்டி ஒன்று நாலு மாதம் என்னைப் படாத பாடு படுத்தியது. பிளக், இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), சி.டி.ஐ. (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் பெட்டி) என்று வரிசையாக மாற்றினேன். ஒருநாள் இரவு வண்டியை நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பும்போது, ஹாண்டில் இடது கோடிக்குப் போனதும் மீட்டர் விளக்கு ஒரு கண் சிமிட்டு சிமிட்டியது. டேங்கைத் தூக்கிவிட்டு அந்தக் கட்டிலிருந்த வயர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. சாவி சுவிட்சிலிருந்து வரும் வயர் அது. ஒரு விரல் நீளத்துக்குப் புது வயர் சேர்த்துப் பற்றவைத்ததோடு சரி, அதன் பிறகு அந்த வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. நீங்களும் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். சாவியையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். சாவியில் கனமான சாவிக்கொத்து தொங்கினால் அதைக் கழற்றிவிடுங்கள். பல வருடம் ஆடி ஆடி சுவிட்சின் உட்புறத்தைத் தேய்த்துவிடும்.

சரி, விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஹாரனும் அடிக்கிறது, எஞ்சின் மட்டும் இல்லை என்றால்? அப்போது அது எப்படிச் செத்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுவிட்சைத் தட்டியது போல ஒரே நொடியில் அணைந்ததா, அல்லது இழுவை குறைந்து, விக்கி விக்கி, ஆக்ஸிலரேட்டரைத் திருகினாலும் ஏறாமல் அடங்கியதா? முதலாவது பெரும்பாலும் கரண்ட். இரண்டாவது பெரும்பாலும் பெட்ரோல். அணைந்து உடனே உயிர் வரும்போது சைலன்ஸரில் ‘டப்’ என்று வெடித்தால் அதுவும் கரண்ட் பக்கம்தான்: ஸ்பார்க் இல்லாத நேரத்தில் எரியாமல் வெளியேறிய பெட்ரோல், ஸ்பார்க் திரும்பியதும் சைலன்ஸருக்குள் பற்றிக்கொள்கிறது. கார்புரேட்டர் வண்டி விக்கும்போது சோக்கை இழுத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் பிழைத்துக்கொண்டால் பெட்ரோல் போதவில்லை என்பது உறுதி.

இன்னொரு தடயம் இருக்கிறது, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆர்.பி.எம். முள். கேபிளில் ஓடாமல் எலக்ட்ரானிக்காக ஓடும் மீட்டராக இருந்தால், அது எஞ்சினின் இக்னிஷன் சிக்னலை வைத்துத்தான் காட்டுகிறது. அணைந்த பிறகு நீங்கள் கிளட்ச் பிடிக்கும் முன் ஓரிரு நொடி, கியரில் இருப்பதால் எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் முள் நேராகப் பூஜ்ஜியத்தில் விழுந்தால் சிக்னலே அறுந்துவிட்டது: பல்சர் காயில் (எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து ஸ்பார்க்குக்குச் சிக்னல் தரும் சின்னக் காயில்), சி.டி.ஐ. அல்லது வண்டியின் கணினியான இ.சி.யூ.வுக்குப் போகும் கரண்ட், கில் சுவிட்ச் (ஹாண்டிலில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) என்று தேட வேண்டும். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் சிக்னல் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் பக்கம் போகலாம். இதற்காகக் கிளட்ச் பிடிக்காமல் காத்திருக்கச் சொல்லவில்லை, நெரிசலில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். காலியான ரோட்டில் கண்ணில் பட்டால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் முதல் சோதனைக்குச் செலவே இல்லை. வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள், காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட்டும் ஆனால், கோளாறு மூடியில் இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியில் அதற்கென்று ஊசித் துளை ஒன்று உண்டு, சில வண்டிகளில் ஒரு மெல்லிய குழாய். அது தூசியால் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்க மறுக்கும். நிறுத்தி வைத்தால் பத்து நிமிடத்தில் எங்காவது கசிந்து காற்று உள்ளே போய்விடும், வண்டி கிளம்பிவிடும். நீங்கள் சொன்ன அறிகுறியும் இதேதான் என்பதைக் கவனியுங்கள். எத்தனையோ கார்புரேட்டர்கள் இந்த ஒரு துளைக்காக வீணாகக் கழற்றப்பட்டிருக்கின்றன. தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகோ, டேங்குக்கு உறை மாட்டிய பிறகோ இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

மூடி சரியாக இருந்தால், கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்குரூவைத் தளர்த்தி, வருகிற பெட்ரோலை பாட்டிலில் பிடியுங்கள். சூடான எஞ்சின் மீது சிந்தாமல் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நிமிடம் விடாமல் ஒரே சீராக வர வேண்டும். முதலில் வந்துவிட்டு அப்புறம் சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் பெட்ரோல் காக்கிலோ (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) ஃபில்டரிலோ அடைப்பு. எஞ்சின் இழுத்தால்தான் திறக்கும் வேக்குவம் காக் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடாதபோது பெட்ரோல் வராமல் இருப்பது இயல்பு, அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள்: அடியில் முத்து முத்தாக உருண்டு ஓடினால் அது தண்ணீர்.

எஃப்.ஐ. வண்டியென்றால் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) சாவியை ஆன் செய்து காது கொடுங்கள். டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி ‘ர்ர்ர்’ என்று ஓடி நிற்கும். அந்தச் சத்தம் நல்ல நாளில் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே கேட்டுப் பழகிவிடுங்கள், இல்லாவிட்டால் வித்தியாசம் தெரியாது. சத்தமே இல்லை என்றால் பம்ப் ஃபியூஸ், ரிலே, கில் சுவிட்ச், பம்பின் கப்ளர் (வயர் இணைப்பு) இவற்றைப் பாருங்கள். சத்தம் வந்தாலும் அழுத்தம் போதாமல் இருக்கலாம். பல வண்டிகளில் அது சுமார் 3 பார் இருக்க வேண்டும், அளக்கப் பட்டறையில் கேஜ் வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சூடேறித் தேய்ந்து, தொலைதூரப் பயணத்தில் நின்றுபோவதில் ஆச்சரியம் இல்லை. மீட்டரில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் எத்தனை முறை, நீளமாகவா குட்டையாகவா என்று எண்ணி எழுதி வையுங்கள். அது கோளாறு எது என்று சொல்லும் கோட். மெக்கானிக்கின் மணிக்கணக்கான வேலையை அது மிச்சமாக்கும்.

இப்போது ஸ்பார்க். எஞ்சின் சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டும், ஆறிய பிறகு பார்த்தால் அழகாக நீல நிறத்தில் அடிக்கும். பிளக் கேப்பைக் கழற்றி, கையில் வைத்திருக்கும் பழைய பிளக்கைச் சொருகி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினின் வெறும் உலோகத்தில் அழுந்தத் தொடும்படி வைத்துவிட்டு செல்ஃபோ கிக்கரோ அடியுங்கள். எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். திறந்த துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், பக்கத்தில் ஸ்பார்க் இருந்தால் பற்றிக்கொள்ளும். பிளக்கை எங்கும் தொடாமல் அந்தரத்தில் விட்டு அடிப்பதும் தவறு. போக வழியில்லாத மின்னழுத்தம் சி.டி.ஐ.யையோ காயிலையோ கெடுத்துவிடும்.

சூடாக இருக்கும்போது ஸ்பார்க் இல்லை, ஆறினால் இருக்கிறது என்றால் சந்தேகப் பட்டியல் சின்னது: பல்சர் காயில், இக்னிஷன் காயில், சி.டி.ஐ. இதில் என் முதல் சந்தேகம் எப்போதும் பல்சர் காயில்தான், காரணம் அது இருக்கும் இடம். எஞ்சின் கவருக்குள்ளே, எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டுக்குப் பக்கத்தில், சூட்டிலேயே வாழ்கிறது. உள்ளே தலைமுடி போன்ற கம்பி பல சுற்றுகளாகச் சுற்றியிருக்கும். அதில் ஓரிடத்தில் விரிசல் விட்டால், குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்து பிரிந்துவிடும். ஆறினதும் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே உறுதி செய்யலாம். பல்சரின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளங்கள். வண்டிக்கு வண்டி மாறும், பலவற்றில் நூறு ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அளவு இருக்கும். நன்றாக ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு ஒருமுறை அளங்கள், அல்லது கழற்றிய காயிலை ஹேர் ட்ரையரால் சூடாக்கிக்கொண்டே அளங்கள். எண் கொஞ்சம் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். செம்பின் தடை 10 டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 200 ஓம் காட்டியது 85 டிகிரியில் 245 பக்கம் காட்டினால் காயில் நன்றாகவே இருக்கிறது. எண் திடீரென்று குதிக்க வேண்டும், அல்லது மீட்டர் ‘ஓ.எல்.’ (பாதை அறுந்திருக்கிறது என்று அர்த்தம்) என்று கைவிரிக்க வேண்டும். அப்போதுதான் குற்றவாளி. சில வண்டிகளில் பல்சருக்குப் பதில் ஹால் சென்சார் இருக்கும், அதை ஓமில் அளக்க முடியாது.

இக்னிஷன் காயிலுக்கும் அதே முறைதான். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு: முதல் (பிரைமரி) சுருளில் சில ஓம் அல்லது அதற்கும் குறைவு, இரண்டாம் (செகண்டரி) சுருளில் ஆயிரக்கணக்கில். மழையில் மட்டும் நிற்கிற வண்டியாக இருந்தால் காயிலை விட்டுவிட்டு பிளக் கேப்பையும் அதற்குப் போகும் தடித்த வயரையும் பாருங்கள். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு அதன் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசிகிற இடத்தில் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சி.டி.ஐ.யைச் சாதாரண மீட்டரால் நம்பகமாகச் சோதிக்க முடியாது. மற்றதெல்லாம் சரி என்று ஆன பிறகு, ஓடுகிற இன்னொரு வண்டியிலிருந்து அதே மாடலைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

பாதுகாப்பு சுவிட்சுகளை மறந்துவிடக் கூடாது. சைடு ஸ்டாண்டு சுவிட்ச் சேறு பட்டு ஒட்டிக்கொண்டால், அல்லது ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்து மேடு பள்ளத்தில் ஸ்டாண்டு ஆடினால், எஞ்சின் அணைந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம்: பல வண்டிகளில் கியரில் இருக்கும்போதுதான் இந்த சுவிட்ச் எஞ்சினைத் தடுக்கும். நியூட்ரலில் ஓடவிட்டு ஸ்டாண்டை எவ்வளவு ஆட்டினாலும் ஒன்றும் தெரியாது. நின்ற வண்டி நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகி, கியர் போட்டதும் அணைந்தால் சந்தேகமே வேண்டாம். எஃப்.ஐ. வண்டிகளில் வண்டி சாய்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சார் ஒன்றும் உண்டு. அதன் ஸ்குரூ கழன்று ஆடினால், வண்டி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்யும் வரை விடாது. கில் சுவிட்சை எஞ்சின் நின்ற நிலையில் இருபது முறை தட்டிவிட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத சுவிட்சின் உள்ளே பச்சை பூத்திருக்கும்.

விளக்கு மங்கலாகி, ஹாரன் கரகரத்து, அப்புறம் எஞ்சின் நின்றால் சார்ஜிங். நின்ற நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் 13.5க்கும் 14.5க்கும் நடுவே ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஸ்டேட்டர் காயிலோ (கரண்ட் உண்டாக்குவது) ரெகுலேட்டரோ (அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்புவது), 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர். எஃப்.ஐ. வண்டி பேட்டரியை நம்பியே ஓடுகிறது. வோல்ட் 10 பக்கம் இறங்கினால் இ.சி.யூ. கையை விரித்துவிடும். மேக்னெட்டிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் பழைய சி.டி.ஐ. வண்டிகள் பேட்டரி செத்தாலும் ஓடும்.

ஸ்பார்க்கும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, கிக்கர் மட்டும் வழக்கத்தைவிட இலகுவாக இறங்குகிறதா? வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துபோய், சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் வெளியேறுகிறது. ஆறினால் சரியாகும், அதனால் இதையும் கரண்ட் கோளாறு என்று ஏமாறுவார்கள். கிக்கர் இறங்கவே இல்லை, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்தது என்றால் எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துவிட்டது. ஆயில் அளவைப் பாருங்கள், இனி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள், தள்ளுவண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ரோட்டோரச் சோதனையிலும் பிடிபடாத வண்டிக்கு நான் கையாளும் தந்திரம் ஒன்று சொல்கிறேன். சின்ன 12 வோல்ட் பல்பு ஒன்றை, ஒரு ஃபியூஸ் சேர்த்து, சி.டி.ஐ.க்கோ இ.சி.யூ.வுக்கோ பேட்டரிக் கரண்ட் கொண்டுவரும் வயரில் இணைத்து, மறுமுனையை எர்த் செய்து, மீட்டருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அப்படியே வழக்கம்போல ஓட்டுங்கள். எஞ்சின் அணையும் அதே நொடியில் பல்பும் அணைந்தால், கரண்ட் வரும் பாதையில் கோளாறு: சாவி, கில் சுவிட்ச், ஃபியூஸ், வயர். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் அந்தப் பாதை முழுவதையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

உங்கள் வண்டிக்கு வருவோம். சூடான பிறகு நிற்கிறது, பத்து நிமிடத்தில் சரியாகிறது, கார்புரேட்டர் வண்டி. விளக்கு எரிந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. எரிந்திருந்தால் டேங்க் மூடி, பல்சர் காயில், டேப்பட், இந்த மூன்றில் ஒன்று என்று என் ஊகம். அடுத்த முறை நின்றதும் சாவியைத் தொடாமல் மீட்டரைப் பாருங்கள், மூடியைத் திறந்து காது கொடுங்கள், அப்படியே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆகவில்லை என்றால் சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க். ஸ்பார்க்கும் இருந்தால் கிக்கரைக் கையால் அழுத்தி, இறுக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும். என்ன தெரிந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, வண்டியோடு சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.